மாற்று பெல்ட்

எடை கேட்டால் உண்மையைச் சொன்ன விருந்தாளியை நான் இன்றுவரை பார்த்ததில்லை. மிதவை விமானத்தில் ஏறுகிறவர் யாராக இருந்தாலும் முதலில் ஏரிக்கரையில் எங்கள் மரத்துறையில் இருக்கும் தராசின் மேல் ஏறி நிற்க வேண்டும். ஆளின் எடையும் மூட்டையின் எடையும் தெரியாமல் என் கணவர் வெர்ஜில் விமானத்தைத் தண்ணீரிலிருந்து கிளப்பியதே கிடையாது. ஊரில் நூறு பேரை ஆட்டிப் படைக்கிற பெரிய மனிதர்கள் இங்கே வயிற்றை எக்கிக்கொண்டு தராசில் நிற்பார்கள். வயிற்றை எக்கினால் முள் இறங்கிவிடும் என்று அவர்களுக்கு யார் சொன்னார்களோ தெரியாது.

காப்பி ஆறுகிறது, சார்ஜன்ட். குடித்துக்கொண்டே எழுதுங்கள். ஆற்றில் ஒருவர் செத்துப்போனது எப்படி என்று கேட்டீர்கள். சொல்கிறேன். அலாஸ்காவின் இந்த மூலையிலிருந்து விமானம் இல்லாமல் யாரும் எங்கும் போக முடியாது, எனக்கோ விமானம் ஓட்டத் தெரியாது. அவசரம் ஒன்றுமில்லை.

இந்த விடுதியில் விருந்தாளிகளைத் தயார் செய்து அனுப்புவது என் வேலை. காலையில் வெர்ஜில் மிதவைகளுக்குள் கசிந்த தண்ணீரைக் கைப்பம்பால் இறைத்துக்கொண்டிருப்பார். நான் ரொட்டிக்கு நடுவே சால்மன் வைத்துக் கட்டுவேன். கரடிக்கு அடிக்கிற மிளகாய்ப் புட்டியை மிதவைக்குள் இருக்கும் அறையில் வைத்துப் பூட்டுவேன். அது விமானத்துக்குள் தப்பித் தவறி வெடித்தால் ஓட்டுகிறவரின் கண் போய்விடும். தூண்டில் கொக்கிகளின் முள்ளை இடுக்கியால் நசுக்கி வைப்பேன், ஏனென்றால் இவர்கள் பிடித்த மீனை நோகாமல் திரும்ப ஆற்றில் விட வேண்டும். ஆமாம், அதற்காகத்தான் வருகிறார்கள். ஆயிரக்கணக்கான மைல் பறந்து வந்து, இறகும் நூலும் சுற்றிய பொய்ப் பூச்சியை எறிந்து, ஒரு மீனை ஏமாற்றி, அதைத் தூக்கிப் படம் எடுத்து, முத்தம் கொடுத்து, விட்டுவிடுவார்கள். பிறகு என்னிடம் வந்து, சாப்பிட மீன் இருக்கிறதா என்று கேட்பார்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியம் உடுப்பு. நெஞ்சுவரை வரும் ரப்பர் கால்சட்டையைப் போட்டுக்கொண்டுதான் ஆற்றில் இறங்குவார்கள். அதன் மேல் இடுப்பில் ஒரு பெல்ட்டை இறுக்கிக் கட்ட வேண்டும். கட்டாமல் கால் இடறி விழுந்தால் தண்ணீர் மேலே நுழைந்து கால்வரை இறங்கிவிடும், அப்புறம் ஓடுகிற ஆற்றில் எழுந்து நிற்க முடியாது. இரண்டு முழ நாடா, ஒரு கொக்கி, அவ்வளவுதான். அதைக் கட்டாத ஆளை நான் துறையை விட்டு நகர விட்டதில்லை. சிணுங்குவார்கள். தொப்பை தெரிகிறது என்பார்கள். சட்டை செய்யமாட்டேன். அதையும் மறந்துவிட்டு வருகிறவர்களுக்காக விமானத்தில் இருக்கைக்குப் பின்னால் உள்ள பையில் எப்போதும் ஒரு மாற்று பெல்ட் இருக்கும்.

மாற்று இல்லாவிட்டால் வெர்ஜில் தன்னுடையதைக் கழற்றிக் கொடுத்துவிடுவார். அப்படி ஒரு பிறவி. கையுறையை மறந்தவனுக்குத் தன் கையுறை, சாப்பாட்டுப் பொட்டலத்தை ஆற்றில் விட்டவனுக்குத் தன் பொட்டலம். எத்தனையோ நாள் பசியோடும் விறைத்த விரலோடும் வீடு திரும்பியிருக்கிறார். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்று தலைப்பாடாக அடித்துக்கொள்வேன், சிரிப்பார். முப்பது வருடத்தில் அவரைத் திருத்த என்னால் முடியவில்லை.

ராண்டல் கீஸ் என்பவர் டெக்சஸில் குளியல்தொட்டி விற்றுப் பணக்காரரானவர். வருடா வருடம் வருவார். இந்த வருடம் மீனை விட்டுவிட்டு விடுதியையே விலை பேசிப் பிடிக்க வந்தார். சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்துகொண்டு என் சன்னலைக் காட்டிப் பேசினார்.

“நேடீன், அந்தத் துறைக்குப் பக்கத்துல ஒரு வெந்நீர்த் தொட்டி வெச்சா எப்படி இருக்கும், சொல்லுங்க?”

“ஏரியே இருக்கே,” என்றேன்.

“ஏரி ஐஸா இல்ல இருக்கு!”

“அதனாலதான் மீன் இருக்கு. வெந்நீர்ல மீன் இருந்தா அதுக்குப் பேரு குழம்பு.”

வெர்ஜில் சிரித்துவிட்டார். “அவ அப்படித்தான் பேசுவா, ராண்டல். மனசுல ஒண்ணும் கிடையாது.”

கீஸும் சிரித்தார். நல்ல மனிதர் என்று காட்டிக்கொள்ளக் கிடைத்த சந்தர்ப்பத்தை விடுவாரா? “நீங்க எங்கயும் போக வேணாம், நேடீன். வெர்ஜில் மட்டும் போகட்டும், நீங்க சமையல்காரியா இங்கயே இருந்துக்கலாம். உங்க ரொட்டி இல்லாம இந்த இடம் ஏது?”

என் அடுப்படியில், என் ரொட்டியைத் தின்றுகொண்டு, எனக்கே வேலை போட்டுக் கொடுத்தார். நான் இன்னொரு துண்டு வைத்தேன். அதையும் தின்றார்.

மறுநாள் காலையில் வெர்ஜில் மிதவையை இறைத்துக்கொண்டிருந்தபோது துறைக்குப் போனேன். நிஜமாகவே விற்கப்போகிறாரா என்று கேட்டேன். பம்பைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் தேய்த்தார்.

“எனக்குப் போதும், நேடீன். ஈரம் எலும்புக்குள்ள போயிருச்சு. அரிசோனாவுல அக்கா வீட்டுப் பக்கத்துலயே ஒரு வீடு பார்த்து வெச்சிருக்கா. தண்ணியே இல்லாத ஊரு. நீயும் வா. ரெண்டு பேரும் சும்மா உட்கார்ந்திருப்போம்.”

“வெயில் வந்தா சரியாயிடும்.”

“இது வெயிலைப் பத்தின பேச்சு இல்ல. நான் களைச்சுப் போயிட்டேன். நீ வராட்டியும் நான் போறேன்.”

அது அவர் பேச்சே இல்லை, சார்ஜன்ட். கீஸ் ஊட்டிவிட்ட பேச்சு. இந்த ஏரியை விட்டு வெர்ஜிலால் ஒரு மாதம் இருக்க முடியாது. பாலைவனத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தால் மனுஷன் வாடிச் செத்திருப்பார். அவருக்குத் தெரியாவிட்டாலும் எனக்குத் தெரியும். புருஷன் மனசு பெண்டாட்டிக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும்? வாங்குகிற ஆள் இல்லாவிட்டால் விற்கிற பேச்சும் இல்லை. அவ்வளவுதான் நான் யோசித்தது.

அடுத்த நாள் மேல் ஆற்றுக்குப் போவதாக ஏற்பாடு. மழையில் ஆறு பெருகியிருந்தது. வெர்ஜில் கீஸிடம் கரையோரமாகவே நின்று தூண்டிலை எறியும்படி சொன்னார். ஓரமாக நிற்கிற ஆளா கீஸ்? நடு ஆற்றில் நின்று படம் பிடித்துக்கொள்ளாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. அதனால் நான் பெரிதாக ஒன்றும் செய்ய வேண்டியிருக்கவில்லை. அவர் அளவுக்கு ஒரு சுற்றுப் பெரிய கால்சட்டையை எடுத்து வைத்தேன். ஆணி அடித்த சப்பாத்து மிதவையைக் கிழித்துவிடும் என்பதால் எல்லோருக்கும் ரப்பர் அடிதான். தூக்கிப் போட வைத்திருந்த ஒரு சோடி இருந்தது, அடி தேய்ந்து சோப்புப் போல. அதைத் துடைத்து எண்ணெய் தடவி, புதிது மாதிரி வைத்தேன். தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் குற்றமில்லை. அவசரத்தில் எந்த விடுதியிலும் நடக்கிற பிசகுதான்.

காலையில் தராசில் நிற்க வைத்தேன். சொன்னதைவிட நன்றாகவே கூடுதல். மண்டியிட்டு உட்கார்ந்து சப்பாத்து நாடாவைக் கட்டிவிட்டேன். கீஸ் தன் இடுப்பைத் தடவிப் பார்த்தார்.

“என்ன, இன்னைக்கு என்னைச் சங்கிலி போட்டுக் கட்டலியா?”

“வயிறு அமுங்கி சாப்பிட முடியலன்னு போன தடவை சொன்னீங்களே. இன்னைக்கு வேணாம் விடுங்க.”

“நீங்க ஒருத்திதான் என்னைப் புரிஞ்சுக்கிட்டவங்க, நேடீன்.”

ஆடு கசாப்புக்காரனைத்தான் நம்பும் என்பார்கள். தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு விமானத்தில் ஏறினார். வெர்ஜில் ஏறினார். நான் கயிறை அவிழ்த்தேன். விமானம் தண்ணீரைக் கிழித்துக்கொண்டு ஓடி மேலே போனது. நான் உள்ளே வந்து மாவு பிசைந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் பக்கத்து விடுதியின் விமானம் வந்து இறங்கியது. அதிலிருந்து இறங்கியவர் ராண்டல் கீஸ். போர்வையைப் போர்த்திக்கொண்டு, குழந்தை மாதிரி அழுதுகொண்டு, தொப்பியில்லாமல். எனக்கு முதலில் வந்தது எரிச்சல்தான், பொய் சொல்லமாட்டேன். அவருக்குப் பின்னால் தார்ப்பாயில் சுற்றி வெர்ஜிலை இறக்கினார்கள்.

கீஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. “என் இடுப்பைப் பார்த்தாரு, நேடீன். தன் பெல்ட்டைக் கழட்டி எனக்குக் கட்டிவிட்டாரு. ‘இது இல்லாம இறங்காத, நேடீன் என்னைத் திட்டுவா’ன்னாரு. நான்தான் உள்ள போனேன். கால் வழுக்கிருச்சு. அவரு குதிச்சு வந்து என்னைக் கரைக்குத் தள்ளினாரு. அப்புறம் அவரு எழுந்திருக்கவே இல்ல.”

அந்த ஆளைத் தேற்ற வேண்டியதாயிற்று. சூப் காய்ச்சிக் கொடுத்தேன். அழுதபடியே குடித்தார், கிண்ணத்தை வழித்துக் குடித்தார். இப்போதும் கடைசி அறையில் படுத்து விசும்பிக்கொண்டிருக்கிறார், கேட்கிறதா? விடுதி வேண்டாம் என்கிறார். இந்த ஊர்ப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டாராம். என் புருஷனின் பெல்ட்டை மட்டும் இன்னும் கழற்றவில்லை.

நீங்கள் கெட்டிக்காரர், தம்பி. மேல் ஆற்றில் நிற்கிற எங்கள் விமானத்தின் பையைத் துழாவிப் பார்த்துவிட்டுத்தான் என் அடுப்படிக்கு வந்திருக்கிறீர்கள். மாற்று பெல்ட் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குவதையும் பார்த்துவிட்டீர்கள். அதை முந்தின நாள் சாயங்காலமே நான்தான் எடுத்துவந்து மாட்டினேன். இல்லாவிட்டால் கீஸுக்கு அது கிடைத்துவிடுமே.

“அம்மா, அவர் குணம் உங்களுக்குத் தெரியும்,” என்கிறீர்கள். “மாத்து பெல்ட்டையும் எடுத்துட்டீங்க. அப்புறம் அவர் எதைக் கழட்டிக் கொடுப்பாருன்னு நெனச்சீங்க?”

நியாயமான கேள்வி. முதலில் நான் அதை யோசிக்கவில்லை, அது சத்தியம். துறையில்தான் யோசித்தேன். ஒரு காலை மிதவையில் வைத்தபடி வெர்ஜில் கீஸின் இடுப்பைப் பார்த்தார். இருக்கைக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினார். கை வெறுமையாக வெளியே வந்தது. என்னை ஒரு பார்வை பார்த்தார். பிறகு தன் இடுப்பு பெல்ட்டை ஒரு தட்டுத் தட்டிக்கொண்டு, “சரி, கயிறை அவிழு,” என்றார். ஏன் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியாது. நான் மறந்துவிட்டேன் என்று நினைத்திருப்பார். விருந்தாளி முன்னால் என்னைக் குறை சொல்ல அவருக்கு மனசு வராது.

அடுப்படிக்கும் துறைக்கும் கூப்பிடு தூரம்தான். ‘இரு’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு ஓடிவந்து எடுத்துப்போயிருக்கலாம். யார் ஆற்றில் போனாலும் விற்பனை நின்றுவிடும் என்று எனக்குத் தோன்றியது. கோபத்தில் தோன்றவில்லை, கணக்குப் பார்ப்பது போலத் தெளிவாகத் தோன்றியது. கயிறை அவிழ்த்தேன். மிதவையைக் காலால் தள்ளிவிட்டேன். அப்படித்தான் எப்போதும் தள்ளுவேன்.

எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வியாழக்கிழமை மூன்று பேர் மீன்பிடிக்க வருகிறார்கள், அதற்குள் முடித்துவிட்டால் நல்லது. வெர்ஜிலைப் பின்னால் மேட்டில் புதைக்கலாம், அங்கிருந்து தண்ணீர் முழுவதும் தெரியும். அவர் அக்கா அரிசோனாவுக்கு அனுப்பச் சொல்லிக் கேட்பாள். கொடுக்கமாட்டேன். அவளுக்கும் கீஸுக்கும் அவரைப் பற்றி என்ன தெரியும்? இந்த ஏரியை விட்டு அவர் போகமாட்டார் என்று நான் ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன். போகவில்லை, பார்த்தீர்களா.