அஞ்சாம் நாள்

— அந்தக் கதையெல்லாம் அப்புறம் அளக்கலாம் மனோன்மணி. தூரமானா விரிச்சுப் படுக்குற பாய்க்குள்ள இந்த மாத்திரை அட்டை எப்படி வந்துச்சு? அதைச் சொல்லு.

— அது... தலைவலி மாத்திரை அத்தை.

— தலைவலி மாத்திரையை எந்த மருமகளாவது தூரப் பாய்க்குள்ள சொருகி வெப்பாளா? ஏன், வீட்டுல அலமாரி இல்லையா, அஞ்சறைப் பெட்டி இல்லையா?

— மெதுவாப் பேசுங்க அத்தை. வெறும் பலகைச் சுவரு. பக்கத்து ரூம்ல ருக்கையாக்கா இருக்காங்க.

— இருக்கட்டும். கீழ மசாலா மில்லு இந்தப் போடு போடுது, அவளுக்கு என்னத்தைக் கேக்கப் போகுது? நீ பேச்சை மாத்தாதே.

— அந்தப் பாயை நீங்க எதுக்கு எடுத்தீங்க? பக்கத்துல வந்தாக்கூட முந்தானையை இழுத்துப் பிடிச்சுக்குவீங்களே.

— வெயில்ல போட எடுத்தேன். அடி ஆத்தாடி, மாமியாரையே நிக்க வெச்சுக் கேள்வி கேக்குறா பாரு! எனக்குப் படிக்கத் தெரியாட்டி கண்ணும் தெரியாதா? போன வாரம் தேக்கா மார்க்கெட்டு வாசல்ல ஒரு நர்ஸு மிஸி பொம்பளைங்களையெல்லாம் கூட்டி வெச்சு, இதே அட்டையைத்தானே தூக்கித் தூக்கிக் காட்டினா? பிள்ளை பொறக்காம இருக்கிற மாத்திரை. ஆமாவா, இல்லையா?

— ஆமா அத்தை.

— முருகா! எவ்வளவு தைரியமா ஆமான்னு சொல்றா! என் வீட்டுச் சோத்தைத் தின்னுக்கிட்டு என் வம்சத்துக்கே பூட்டுப் போடுறியாடி பாதகத்தி?

— வம்சத்துக்கு என்ன குறைச்சல் அத்தை? மூணு இருக்கு. மூத்தவளுக்கே இன்னும் பல்லு விழலை. பெருமாள் கோயிலுக்குப் போனா ஒண்ணை இடுப்புல, ஒண்ணைத் தோள்ல, ஒண்ணைக் கையில பிடிச்சுக்கிட்டு நான் எப்படி லா கும்பிடுறது?

— இந்த ஊரு லாவும் கீவும் என்கிட்ட வேணாம். உன் மாமா ஹார்பர்லேர்ந்து வரட்டும். என் பிள்ளை வரட்டும். புருஷனுக்குத் தெரியாம பண்ற காரியமா இது? சேகரு உன்னை இன்னிக்கே அப்பன் வீட்டுக்குப் பெட்டியைக் கட்டச் சொல்றானா இல்லையா பாரு.

— அவருக்குத் தெரியும்.

— என்னது?

— அவருதான் கிளினிக்குக் கூட்டிட்டுப் போனாரு. ஸ்கூட்டர்ல. நான் உள்ள போயிட்டு வர்ற வரைக்கும் வெளிய வெயில்ல நின்னாரு.

— என் பிள்ளையா? நான் பெத்த தனசேகரனா?

— அவரேதான்.

— அய்யய்யோ... நெஞ்சை அடைக்குதே! நான் மடியில போட்டு வளர்த்த பய, பொண்டாட்டிக்கு மாத்திரை வாங்கப் பொம்பளைங்க கிளினிக்குல போயி நின்னானா? ஊரு பார்த்தா என்ன சொல்லும்?

— ஊரு என்ன வேணாலும் சொல்லட்டும் அத்தை. சின்னவன் பொறந்த அன்னிக்கு எனக்கு ரத்தம் நிக்கவே இல்லை. அடுத்தது வந்தா உயிருக்கு உத்தரவாதம் இல்லைன்னு டாக்டர் சொன்னாங்க. அவரு வராந்தாவுல உக்காந்து அழுதாரு. நீங்களும் பக்கத்துலதானே இருந்தீங்க?

— இருந்தேன். ஏன் இல்லாம? கட்டில் காலை நனைச்சுது ரத்தம். இப்ப நெனைச்சாலும் எனக்குக் கையும் காலும் ஓடாது.

— அப்புறம் ஏன் அத்தை திட்டுறீங்க? எனக்குச் சாவப் பயமா இருக்கு. பிள்ளைங்களை விட்டுட்டுப் போகப் பயமா இருக்கு. நேராச் சொல்றேன், இதைப் பிடுங்கி எறிஞ்சீங்கன்னா நான் மறுபடியும் போயி வாங்குவேன்.

— வாயைப் பாரு. அழாதே. மூக்கைத் துடை... எப்ப ஆரம்பிக்கணும் இந்த இழவை?

— என்ன அத்தை?

— காது கேக்கலையா? முதல் மாத்திரையை எப்பப் போடணும்னு கேக்குறேன். தெரிஞ்சு வெச்சுக்கத்தான். நாளைக்கு நாலு பேரு கேட்டா சொல்ல வேணாமா?

— தூரமாகி அஞ்சாம் நாளு. அன்னிக்குத் தொடங்கி, ஒரு நாளும் விடாமப் போடணும்.

— அது என்ன அஞ்சாம் நாளு? சாமி காரியத்துக்கு நாள் பார்க்குற மாதிரி? வெள்ளிக்கிழமை வாங்கினா வெள்ளிக்கிழமையே முழுங்கக் கூடாதோ?

— கூடாதாம். முதல்ல தூரமாகட்டும், வயித்துல ஒண்ணும் இல்லைன்னு தெரியட்டும், அப்புறம் அஞ்சாம் நாள்லேர்ந்து போடுன்னாங்க மிஸி. ஏற்கெனவே தங்கியிருந்தா இந்த மாத்திரை ஒண்ணும் செய்யாதாம்.

— ஒண்ணுமே செய்யாதா?

— செய்யாதாம். வராமத் தடுக்கத்தான் இது. வந்ததைப் போக்குறதுக்கு இல்லை.

— நல்லாக் கேட்டியா? அந்த மிஸி சின்னப் பொண்ணு. அவளுக்கு என்ன தெரியும்?

— நல்லாத்தான் கேட்டேன். சரி, அட்டையைக் குடுங்க அத்தை, எடுத்து வெச்சுக்கறேன்... அத்தை! இது என்ன, ஒரு வரிசையே காலியா இருக்கு?

— நீ போட்டிருப்பே.

— நான் தொடவே இல்லை. அடுத்த மாசத்துக்கு வாங்கி வெச்ச புது அட்டை இது. நான் போட்டுக்கிட்டு இருக்கிறது வேற, அது அரிசி டின்னுக்குள்ள இருக்கு. யாரு எடுத்தது? அந்தப் பாயை என்னை விட்டா உங்க பொண்ணு புஷ்பாதானே விரிப்பா... அய்யோ கடவுளே!

— என்னடி, ஏன் இப்படி வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிறே?

— புஷ்பா! அடுத்த மாசம் கல்யாணத்தை வெச்சுக்கிட்டு... ஜூரோங் ஃபாக்டரியில ஓவர்டைம்னு சொல்லிட்டு லேட்டா வர்றாளே... மாப்பிள்ளை தங்கராஜுவும் அங்கதானே லாரி ஓட்டுறாரு! அத்தை, எனக்குத் தலையைச் சுத்துது. இது மட்டும் மாமாவுக்குத் தெரிஞ்சா வெட்டிப் போட்டுடுவாரு.

— வாயைக் கழுவுடி! என் பொண்ணைப் பத்தி இன்னொரு வார்த்தை பேசினே, நாக்கைப் பொசுக்கிடுவேன். அவ நெருப்பு மாதிரிப் பொண்ணு. நேத்துத்தான் தூரம் கழிஞ்சு தலைக்கு ஊத்திக்கிட்டா, நீதானே சாம்பிராணி போட்டே?

— ஆமா... நான்தான் போட்டேன். அப்ப வேற யாரு? பக்கத்து வீட்டுப் பொம்பளைங்க நம்ம ரூமுக்குள்ள வரமாட்டாங்க. பிள்ளைங்க மிட்டாய்னு நெனைச்சுத் தின்னுடுச்சுங்களா? அய்யோ, நான் டாக்டர்கிட்ட ஓடணும் அத்தை. நகருங்க, கதவை விடுங்க!

— பிள்ளைங்க இல்லை. நில்லு.

— எப்படித் தெரியும் உங்களுக்கு?

— கத்தாதே. மில்லு நின்னுடுச்சு பாரு. இப்படிக் கிட்ட வா. இன்னும் கிட்ட... நான்தான்டி முழுங்கினேன்.

— நீங்களா!

— ஒரே தடவையில, ஒரு வரிசையும். குடலைப் பொரட்டிப் போட்டுடுச்சு. நேத்துச் சாம்பாரு ஒத்துக்கலைன்னு சொன்னேனே, அது பொய்.

— அத்தை, உங்களுக்கென்ன பைத்தியமா? உங்களுக்கு எதுக்கு இந்த மாத்திரை?

— நீ அஞ்சாம் நாளுங்கறே. எனக்கு முதல் நாளே வரலையே மனோன்மணி. பங்குனி உத்திரத்துக்கு முந்தி வந்தது. அதோட சரி. ஆவணியில பொண்ணு கழுத்துல தாலி ஏறும்போது நான் என்ன கோலத்துல பந்தல்ல நிப்பேன்? சம்பந்தி வீட்டுக்காரங்க மூஞ்சியில எப்படி முழிப்பேன்? உன் மாமாவுக்கு நரைக்காத முடி ஒண்ணு இல்லை. மானம் போயிடும்டி.

— ஐயோ அத்தை! இவ்வளவுதானா? என்னைக் கொன்னே போட்டுட்டீங்க லா. நீங்க பாய் பக்கம் வராம இருக்கிறதை நானும் பார்த்தேன். நின்னுடுச்சுன்னு நெனைச்சேன். எங்க அம்மாவுக்கும் உங்க வயசுலதான் நின்னுச்சு. வயசானா நிக்கிறதுதான், இதுக்குப் போயி யாராவது பயப்படுவாங்களா? நாளைக்கே மிஸிகிட்ட கூட்டிட்டுப் போறேன். கண்ணைத் துடைங்க. கொஞ்சம் சிரிங்க.

— நானும் அப்படிச் சொல்லித்தான் என்னைத் தேத்திக்கிட்டிருந்தேன் தாயி. ஆறு பெத்தவளுக்கு இது தெரியாமப் போகுமா? இன்னிக்கு விடியக்காலையில உள்ள அசைஞ்சுது.