ஒரு நிமிஷம் அசையாமல்

செண்பகனூரில் நான் பஸ் ஏறியபோது ஒரே பனி. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டோ மூன்றோ, எனக்கு மூட்டுவலி ஆரம்பித்த வருஷம். முன் சீட்டில் இரண்டு பேர். இளையவன் கையில் ஒரு போட்டோ இருந்தது.

“அழுதவுக யாருமே இதுல விழுகலண்ணே.”

“என்னலே சொல்றே?” என்றார் பெரியவர்.

“அய்யா செத்த ராத்திரி எடுத்தேன். வெள்ளனே அடக்கம், ஸ்டுடியோக்காரரு வரமாட்டேன்னுட்டாரு. எரவல் கேமரா, கேஸ்லைட்டு வெளிச்சம். வெளிச்சம் பத்தாது, ஒரு நிமிஷம் லென்ஸத் தொறந்து வைக்கணும், யாரும் அசையாதீகன்னேன். எல்லாரும் குலுங்கிக் குலுங்கி அழுதாக. மொகமெல்லாம் புகையாட்டம் கலைஞ்சிருச்சு.”

“எழவு வீட்டுல அசையாதேன்னு சொன்ன மொத ஆளு நீதாம்லே.”

“அய்யாவும் அம்மாவும் மட்டுந்தேன் தெளிவா இருக்காக. நான் சொன்னேன்னு அம்மா மூச்சப் பிடிச்சு அழுகைய அடக்கிக்கிருச்சு.”

“நல்லதுதானே?”

“சிலோன்ல இருக்க அண்ணனுக்கு அனுப்பணும்ண்ணே. அவரால வர முடியல. மூத்த தாரத்துப் பிள்ளை. எங்கம்மாவுக்கு அய்யா மேல பாசமே இல்லைன்னு சொல்லிக்கிட்டுத் திரியிறவரு. இதப் பாத்தா என்ன நெனைப்பாரு?”

“வெவரத்த எழுதிப் போடு.”

“படத்தப் பாத்தப்புறம் எழுத்த நம்புவாரா?”

பெரியவர் போட்டோவை வாங்கிப் பார்த்தார்.

“உங்கம்மாட்டக் காட்டுனியா?”

“காட்டுனேன். ‘உங்கண்ணன் பாக்க அவுக அய்யா மொகம் தெளிவாத்தானே இருக்கு, அனுப்பிரு’ன்னுச்சு.”