அடுத்தடுத்து வீசிய காற்று

ஒலிவாங்கியை மனமில்லாமல் என்னிடம் தந்திருக்கும் தலைவர் ஜேசுரட்ணம் அண்ணை அவர்களே! ஜெர்மனியின் பான் நகரத்துப் பெரியோர்களே! பனியிலும் பட்டுடுத்தி வந்த தாய்மார்களே! ஆஹெனிலிருந்து வந்திருக்கும் மாப்பிள்ளை வீட்டாரே! கவிசாவின் நிச்சயதார்த்த மேடையில் சித்தப்பன் அந்தோனிப்பிள்ளையின் அன்பு வணக்கம்.

இந்த மண்டபத்துக் காவலாளி சல்வத்தோரே, இத்தாலிக்காரர். போன கோடையில் உதைபந்தாட்ட உலகக் கிண்ணம் வென்றது தன் நாடு என்பதை வணக்கத்துக்கு முன்பே சொல்லிவிடுவார். ஓயாமல் ஒன்றன்பின் ஒன்றாக எது வந்தாலும் அவருக்கு அது ‘ஆ ராஃபிக்கா’. காற்று அடுத்தடுத்து வீசுகிற மாதிரி என்று பொருளாம். இன்று அந்தக் காற்று நம்மை விட்டதா?

அழைப்பிதழில் நாலு மணி என்று அடித்தோம். ஏன் அடித்தோம்? நாலு என்றால்தான் நம் சனம் ஆறுக்காவது வரும். பின்வரிசையில் சிரிக்கிறீர்கள், நீங்கள் வந்தது ஏழுக்கு.

ஆனால் சம்பந்தி வீடு, முதல் நாளே மரியாதை தவறக்கூடாது என்று மாப்பிள்ளை வீட்டார் நாலுக்கே வந்துவிட்டார்கள். வாசலில் பன்னீர்ச் செம்பு இருந்தது, தெளிக்க ஆளில்லை. நானும் பெண்ணும் பெண்ணின் தகப்பன் சிற்றம்பலம் அண்ணையும் பனியில் சிக்கிய காரில்.

மண்டபத்துச் சமையலறையிலிருந்து கைபேசி அடித்தது. “அவை வந்திட்டினம்!” வைத்தேன், மறுபடி அடித்தது. ரைஸ் குக்கர் அத்தனையையும் சமையலுக்கு நின்ற புஸ்பவதி அக்கா ஒரே பிளக்கில் செருக, மண்டபமே இருட்டாம். வைத்தேன், மறுபடி. இன்னொருமுறை இருண்டால் கதவைப் பூட்டுவேன் என்கிறாராம் சல்வத்தோரே. ஆ ராஃபிக்கா!

அண்ணை கலங்கிப் போனார். “கோவிச்சுப் போயிடுவினம், அந்தோனி. போகாட்டிலும், என்ர பிள்ளையை அந்த வீட்டில ஆர் முகங்குடுத்து வா எண்டு கூப்பிடுவினம்?”

ஒருவழியாகப் பனியைக் கடந்து வந்து இறங்கினோம். என்ன கண்டோம்? கோபத்தைக் கண்டோமா? வெறும் வாசலைக் கண்டோமா? உள்ளே மாப்பிள்ளை முகுந்தும் சல்வத்தோரேயும் அறைக்கொரு குக்கராகத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். வாசலில், பட்டுக்கு மேல் குளிர்க்கோட்டுப் போட்டு, பன்னீர்ச் செம்போடு நிற்கிறார் மாப்பிள்ளையின் தாயார் சியாமளா அம்மா.

“வாங்க சம்பந்தி, டென்ஷன் ஆகாதீங்க. வாம்மா கவிசா, குளிர்ல நிக்காதே, உள்ளே வா.”

அம்மா! உங்களை வரவேற்பது எங்கள் முறை. முறை தவறி வந்த எங்களுக்குப் பன்னீர் தெளித்தீர்கள். ஒரு தகப்பன் காரில் கேட்ட கேள்வி உங்கள் காதில் விழவே இல்லை. ஆனாலும் பதில் வாசலில் நின்றது. அண்ணை, இனிப் பயமில்லை, கண்ணைத் துடையுங்கோ.

பசித்திருக்கும் சபைக்கும், எங்களை வாவென்று அழைத்த சம்பந்தி அம்மாவுக்கும், வரவேற்கப்பட்ட பெண் வீட்டாரின் நன்றி, வணக்கம்.