புருவத்தில் ஒரு வெட்டு

எனக்கு நத்தை பிடிக்காது. எங்கள் ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். கோட்டை வாசலில் வண்டி போட்டு நத்தைச் சாறு விற்பவர் என் அப்பா. அவர் கிண்ணத்தில் ஊற்றுவது என்றைக்கும் ஒரே ருசியாக இருக்கும். அதிமதுரம் ஒரு சிட்டிகை கூடினால்கூட ஆள் அடுத்த வண்டிக்குப் போய்விடுவான் என்பார். ஒரு பொருள் மாறாமல் வரவேண்டும் என்பதை நான் அங்கேதான் கற்றேன், பல்கலைக்கழகத்தில் இல்லை.

நீங்கள் சிறையில் இருக்கும் பூஷைபின் வக்கீல், கேட்கிறீர்கள், அதனால் சொல்கிறேன். எழுதிக்கொள்ளுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. பயன் இருக்குமா என்பது வேறு விஷயம்.

எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். அந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு தலைநகர் ரபாத்தில் நாடாளுமன்றத்துக்கு எதிரே மற்ற வேலையில்லாப் பட்டதாரிகளோடு உட்கார்ந்து தொண்டை கிழியக் கத்தினேன். அடி வாங்கினேன். கடைசியில் வேலை கிடைத்தது அடித்தவர்களிடமே. காவல் நிலையத்தில், சாட்சி சொல்லச் சொல்லக் கணினியில் குற்றவாளியின் முகத்தை வரவழைக்கும் வேலை. ஒப்பந்த வேலை. நீட்டிப்பதும் நிறுத்துவதும் இன்ஸ்பெக்டர் புஷ்தாவின் கையில்.

அந்த இயந்திரத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அது வெறும் புள்ளி இரைச்சலிலிருந்து முகத்தைத் தோண்டி எடுக்கிறது. புள்ளிகள் எப்படி விழவேண்டும் என்பதை ஒரு எண் முடிவு செய்கிறது. எண்ணை இயந்திரத்தின் போக்கில் விட்டால் ஒவ்வொரு தடவையும் வேறு முகம் வரும். எண்ணைப் பூட்டிவிட்டு, மாறுபாட்டின் அளவையும் குறைத்தால், என்ன சொன்னாலும் வருவது அண்ணன் தம்பி முகங்கள்தான்.

போன குளிர்காலத்தில் தாமு என்ற மூதாட்டி, மரியாதைக்கு லல்லா தாமு என்போம், செத்துப்போனாள். மோட்டார் சைக்கிளில் வந்தவன் கைப்பையை இழுத்தான், வார் அவள் மணிக்கட்டில் சுற்றியிருந்தது, தெருமுனைவரை இழுபட்டாள். பொது அடுப்பில் ரொட்டி வேக வைக்கப் பலகையோடு நின்றிருந்த மூன்று பெண்கள் அவனைப் பார்த்தார்கள். பார்த்தது ஒரு கணம். மூவரையும் தனித்தனியாக உட்காரவைத்தேன். மூன்று வேறு வேறு முகங்கள் வந்தன. நேர்மையாக வேலை செய்தால் அப்படித்தான் வரும்.

புஷ்தா மூன்றையும் மேசையில் பரப்பிப் பார்த்தார்.

"என்னம்மா பட்டதாரி, மூணு பொம்பளைக்கு மூணு மூஞ்சி? கல்யாண வீட்டு குரூப் போட்டோவா எடுக்கச் சொன்னேன்? மேலேருந்து தினம் போன் வருது. எனக்கு ஒருத்தன் போதும்."

"அவங்களுக்கு நினைவில்ல சார்."

"நினைவு வரவைக்கத்தான உனக்குச் சம்பளம். இல்ல, திரும்பப் போயி ரபாத்துல கத்துறியா?"

நான் எண்ணைப் பூட்டினேன். எனக்குப் பிடித்த எண்ணோ, ராசியான எண்ணோ இல்லை. திரையில் அப்போது நின்ற எண். மாறுபாட்டைத் தரைக்கு இறக்கினேன். பெண்களை மறுபடி கூப்பிட்டு ஆளுக்கு ஒரு தாள் முகங்கள் காட்டினேன். எல்லாம் ஒரே முகத்தின் பங்காளிகள். முதலில் தயங்கினார்கள், பிறகு ஒன்றைத் தொட்டார்கள். அவர்களில் ஒருத்தி, லல்லா ஸுஹூர், அழுதுகொண்டே என் தலையில் முத்தமிட்டாள். "இவன்தாம்மா. உன் கை நல்லா இருக்கணும்" என்றாள்.

அந்த முகத்தின் இடது புருவத்தில் ஒரு வெட்டு இருந்தது. அதை எந்தப் பெண்ணும் சொல்லவில்லை. புள்ளிகள் அப்படி விழுந்திருந்தன.

அந்தப் படத்தைக் கொண்டு பிடித்துவந்த பூஷைப் மீன் சந்தையில் பெட்டி தூக்குபவன். இடது புருவத்தில் வெட்டு உள்ளவன். ஒரு பழைய மோட்டார் சைக்கிளும் இருந்தது. வரிசையில் நிறுத்தியபோது மூன்று பெண்களும் அவனைக் காட்டினார்கள். வெட்டைக் கண்ணால் பார்த்ததாகச் சத்தியம் செய்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் சும்மா இருக்கவில்லை. ஸுஹூரின் வீட்டுக்குப் போனேன். எண்ணை அவிழ்த்து, மாறுபாட்டை உயர்த்தி எடுத்த முகங்களை அவள் முன் வைத்தேன். அந்த வெட்டை இயந்திரம்தான் போட்டது என்றும் சொன்னேன்.

அவள் தாள்களைத் தொடவில்லை. "நீ படிச்சவ, சரி. ஆனா அன்னிக்கு அடுப்பு வாசல்ல நின்னது நான்தானே, நீயில்லையே. கண்ண மூடினா அவன் மூஞ்சிதான் வருது பொண்ணே. டீயக் குடி, ஆறுது" என்றாள்.

புஷ்தாவிடமும் சொன்னேன். "மூணு பேரு சாட்சி. நீ ஒரு நம்பர வச்சிக்கிட்டு வந்து நிக்கிற" என்றார். அவர் சொன்னதில் தவறு கண்டுபிடிக்க எனக்கு வரவில்லை. கணினியிலிருந்து முகத்தை அழிக்கலாம். ஸுஹூரின் தலைக்குள் போய் நான் எதை அழிப்பது?

அதன் பிறகு அவர் பழைய வழக்குகளைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஆள் அகப்படாத பறிப்புகள், ஒரு வீடு புகுந்த திருட்டு. எல்லாவற்றுக்கும் முகம் வேண்டும் என்றார். உட்கார்ந்து யோசித்தேன். புது எண் போட்டால் புது முகம் வரும். மொராக்கோவில் எங்காவது ஒருவன் அந்த முகத்தோடு நடந்துகொண்டிருப்பான், அவனுக்கும் ஒரு தாய் இருப்பாள். பூஷைப் எப்படியும் உள்ளே இருக்கிறான். அதனால் அதே எண்ணைப் போட்டேன். ஒவ்வொரு வழக்கிலும் அதே எண். நீங்கள் இன்று பார்த்துத் திகைத்த குற்றப்பத்திரிகை அப்படி நீண்டதுதான். அவன் மேல் விழுந்த ஒவ்வொரு வழக்குக்கும் வெளியே ஒருவன் தப்பியிருக்கிறான். இதற்கு யாரும் எனக்கு நன்றி சொல்லப்போவதில்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

பூஷைபின் தங்கை ஒருநாள் நிலைய வாசலில் என்னைப் பிடித்தாள். பெயர் இட்டோ. மீன் வாடை அடித்தது. எனக்கு அந்த வாடை தெரியும், என் மேல் வேறு வாடை அடித்து மற்றப் பெண்கள் தள்ளி உட்கார்ந்த காலம் உண்டு.

"அக்கா, நீதான் படம் போடுற பொண்ணுன்னாங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லு. அந்தப் புருவத்து வெட்டு படத்துல எப்படி வந்துச்சு? சின்ன வயசுல நான் கதவ அறைஞ்சு அவனுக்குப் பட்டது அது. கிட்ட வந்து பார்த்தாத்தான் தெரியும். வண்டியில போறவன் புருவத்த யாரு பார்ப்பா?"

"சாட்சிங்க சொன்னாங்க" என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். பிறகு, "எங்கம்மா படுத்தபடுக்கை. இப்போ தம்பிதான் பெட்டி தூக்கி வீட்டப் பார்க்கிறான். அவனும் பார்க்க அச்சு அசல் அண்ணன்தான்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

எண்ணை மாற்றினேனா என்று கேட்டீர்கள். போன வாரம் புதிதாக ஒரு பறிப்பு நடந்தது. பூஷைப் சிறையில் இருக்கும்போது நடந்தது, அவன் மேல் போட முடியாது. கை பழகிவிட்டது, அதே எண்ணைத்தான் போட்டேன். யாரையும் பிடிக்க முடியாத முகம் வரட்டும், பாதுகாப்பு என்று நினைத்தேன்.

புஷ்தா படத்தை வெளிச்சத்தில் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார்.

"இவன் உள்ளதான இருக்கான். ஏம்மா விஸால், இவனுக்குத் தம்பி கிம்பி யாராச்சும் இருக்கானா?"

இருக்கிறான் என்றேன். எனக்குப் பொய் சொல்ல வராது.