நான்கு மூலைக்கு இரண்டு நங்கூரம்

என் பெயர் எஸ்பென் லுன்கோர். வயது 38. டென்மார்க், லெம்விக் ஊருக்கு வெளியே க்லிட்வை தெரு 14ஆம் எண் வீட்டில் மனைவி மாய்பிரித், ஐந்து வயது மகள் சிக்னே ஆகியோருடன் வசித்து வருகிறேன். பாலாடைக்கட்டி ஆலை ஒன்றில் இயந்திரங்களின் பாதுகாப்புத் தடுப்புகளைச் சரிபார்க்கும் வேலை செய்கிறேன். கடந்த அக்டோபர் 21ஆம் தேதி சம்பவ இடத்தில் நான் கொடுத்த வாக்குமூலத்தில் ஒரு பகுதி உண்மையல்ல. அதைத் திருத்துவதற்காக இன்று நவம்பர் 9ஆம் தேதி, யாரும் அழைக்காமல் நானாகவே காவல் நிலையத்துக்கு வந்து இதைச் சொல்கிறேன்.

ஆகஸ்ட் மாதம் மகளுக்காக மரத்தாலான விளையாட்டு வீடு ஒன்றை வாங்கித் தோட்டத்தின் மேற்கு ஓரத்தில் நிறுத்தினேன். பெரியவர்கள் குனிந்துதான் அதற்குள் நுழைய முடியும். அதனுடன் தரையில் திருகி இறக்கும் இரும்பு நங்கூரங்கள் நான்கு வந்தன. மூலைக்கு ஒன்றாக இறக்கி, அடிச்சட்டத்தோடு போல்ட் போட்டு இறுக்க வேண்டும் என்று கூடவே வந்த தாளில் இருந்தது. கிழக்குப் பக்கத்து இரண்டு மூலைகளிலும் இறக்கினேன். மூன்றாவது நங்கூரம் கல்லில் முட்டி நின்றுவிட்டது. வீட்டை ஒரு முழம் நகர்த்தியிருந்தால் இறங்கியிருக்கும். அதற்கு முதல் இரண்டையும் கழற்ற வேண்டும். அன்று மதியம் விருந்தினர் வருவதாக இருந்தது. ஆகவே மீதி இரண்டையும் கருவிப் பெட்டியில் போட்டுவிட்டு, நான்கும் இறக்கியாயிற்று என்று மனைவியிடம் சொன்னேன்.

எங்கள் பக்கத்து வீட்டில் ரக்னா தோஃப்ட் என்பவர் தனியாக வசிக்கிறார். வயது 67. துறைமுகத்தில் முப்பது வருடம் படகுகளைக் கட்டி நிறுத்தும் வேலை பார்த்தவர். விளையாட்டு வீட்டை நிறுத்திய சில நாட்களில் அவர் வந்து அதைச் சுற்றி நடந்து, அடியில் இருந்த இடைவெளிக்குள் கையை விட்டுப் பார்த்தார்.

"எஸ்பென், காத்து பக்கத்துல இருந்து தள்ளும்னு மட்டும் நெனைக்காத. அடியில பூந்து தூக்கும். நம்ம மணலுக்கு இன்னும் நீளமான நங்கூரம் வேணும். நாலு மூலையிலயும் போடு" என்றார்.

நாலும் போட்டாயிற்று என்று சொன்னேன். போல்ட் இல்லாத இரண்டு மூலைகளையும் அவர் பார்த்தார். அதன் பிறகு இரண்டு முறை ஜாடையாக நினைவூட்டினார். அக்டோபர் முதல் ஞாயிற்றுக்கிழமை சிக்னே தன் தோழிகளுடன் அதற்குள் விளையாடிக்கொண்டிருந்தபோது, லேசாகக் காற்று எழுந்ததும் எங்கள் தோட்டத்துக்குள் வந்து பிள்ளைகளை வெளியே வரச் சொன்னார். என் மைத்துனர் பக்கத்தில் நின்றதால் எனக்கு அவமானமாக இருந்தது. அன்று மாலை அவருக்குக் கைப்பேசியில், இனி எங்கள் தோட்டத்தில் கால் வைக்க வேண்டாம் என்று செய்தி அனுப்பினேன். அதன் பிறகு அவர் வரவில்லை. தெருவில் பார்த்தால் சிக்னேவுக்கு மட்டும் கையசைப்பார்.

அக்டோபர் 21ஆம் தேதி புயல் எச்சரிக்கை இருந்தது. பள்ளி விடுமுறை. நான் வேலையில் இருந்தேன். மதியம் சுமார் இரண்டு மணிக்கு மாய்பிரித் மகளை விளையாட்டு வீட்டிலிருந்து வெறும் காலுறையோடு தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டாள். மகளின் ரப்பர் பூட்ஸ் அதன் வாசலிலேயே கிடந்தது. ரக்னா தன் சமையலறை ஜன்னல் வழியாக, விளையாட்டு வீட்டின் மேற்குப் பக்கம் எழும்பி விழுவதையும் வாசலில் பூட்ஸ் கிடப்பதையும் பார்த்து, வேலியைத் தாண்டி ஓடி வந்து உள்ளே நுழைந்திருக்கிறார். குழந்தை இல்லை என்று தெரிந்து திரும்பும்போது விளையாட்டு வீடு அவரோடு சேர்ந்து இரண்டு முறை உருண்டு பிர்ச் மரத்தில் மோதி நின்றது. கடைசியில் உருண்டதை மாய்பிரித் நேரில் பார்த்தாள். ரக்னாவுக்கு இடுப்பெலும்பும் காறை எலும்பும் முறிந்தன.

நான் வந்து சேர்ந்தபோது ஆம்புலன்ஸ் புறப்பட்டிருந்தது. காவலர்கள் வருவதற்குள் கருவிப் பெட்டியிலிருந்த இரண்டு நங்கூரங்களையும் எடுத்துப் புல்லில் போட்டேன். அவை புதிதாகப் பளபளத்ததால் ஈர மணலை அள்ளித் தேய்த்தேன். அதன் பிறகு, நான்கும் இறக்கியிருந்ததாகவும் காற்றுதான் பிடுங்கியதாகவும் வாக்குமூலம் கொடுத்தேன்.

எங்கள் வீட்டுக் காப்பீட்டு நிறுவனத்தார், ரக்னாவுக்கு உள்ளே வர அனுமதி இருந்ததா என்று கேட்டார்கள். நான் அனுப்பிய செய்தியின் நகலை நானே கொடுத்தேன். எழுத்து மூலம் தடுக்கப்பட்ட இடத்தில் நுழைந்ததால் அவருக்கு இழப்பீடு கிடையாது என்று நவம்பர் 5ஆம் தேதி கடிதம் வந்தது.

நவம்பர் 7ஆம் தேதி மருத்துவமனைக்குத் தனியாகப் போய் அவரைப் பார்த்தேன். வர வேண்டாம் என்று நான் சொல்லியும் ஏன் வந்தார் என்று கேட்டேன்.

"புள்ளையோட பூட்ஸ் கெடக்குது. உன் மெசேஜை எடுத்துப் படிச்சுட்டா வர முடியும்?" என்றார். பிறகு, "நாலு போட்டேன்னு எழுதிக் குடுத்தியாமே. நான் எண்ணினது ரெண்டு" என்றார்.

காவலர்களிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"அவங்க அதைக் கேக்கல. அது நீ சொல்ல வேண்டிய விஷயம்" என்றார். அதன் பிறகு தண்ணீர் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.

நேற்று மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முழுவதும் கேட்டுவிட்டு எழுந்து மகளின் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். இன்று காலை, ஸ்டேஷன் எத்தனை மணிக்குத் திறக்கும் என்று மட்டும் கேட்டாள்.

இதனால் என் மீது வழக்கு வரலாம் என்று அலுவலர் எனக்கு விளக்கினார். தெரிந்தே சொல்கிறேன். யாரும் என்னை வற்புறுத்தவில்லை. எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதில் ரக்னா தோஃப்ட் 'அனுமதியின்றி நுழைந்தார்' என்றிருந்த இடத்தை அடித்துவிட்டு, 'குழந்தையைத் தேடி வந்தார்' என்று எழுதக் கேட்டுக்கொண்டேன். அலுவலர் அப்படியே மாற்றினார். மற்றவை நான் சொன்னபடியும் நடந்தபடியும் உள்ளன.

(ஒப்பம்) எஸ்பென் லுன்கோர்