இரு கண்ணும் ஒளிபெற வழக்காடிய எங்கள் திட்ட அலுவலருக்கு

கண்டிப்பைக் கவசமாகவும் கனிவைக் கமுக்கமாகவும் கொண்டு, காசுக்குக் காவலாய், காலத்துக்குக் கட்டுப்பட்டு, முதியோர் மருத்துவத் திட்டத்தின் முதுகெலும்பாய் முப்பதாண்டுக் காலம் முறுக்குக் குறையாமல் நிமிர்ந்து நின்ற முன்னோடியே! கோப்புகளின் கோமானே! குறுக்குவழிகளின் கொடும்பகையே! சிபாரிசோடு வந்தவரைச் சிரித்த முகத்தோடு வரிசையின் கடைசிக்கே அனுப்பி வைத்த சிங்கமே! இன்று பணி ஓய்வு பெறும் தங்களுக்கு எங்கள் வணக்கம்!

இத்தனை அடைமொழிகளைக் கேட்டதும் தங்கள் கால் வாசல் பக்கம் திரும்புவதை நாங்கள் பார்க்கிறோம். உட்காருங்கள் ஐயா! நேரில் புகழ்ந்தால் எழுந்து போய்விடுவேன் என்று போன வாரமே மிரட்டிவிட்டீர்கள். ஆகையால் தங்களைப் பற்றிப் பேசப் போவதில்லை. "அவர்" என்று ஒருவரைப் பற்றிச் சொல்லப் போகிறோம். வேறு யாரோ என்று நினைத்துக்கொண்டு கேளுங்கள்.

அந்த "அவர்", நம் மருத்துவமனையின் தரைத்தளத்தில் மருந்து வழங்கும் இடத்துக்கும் மாடிப்படிக்கும் நடுவே, ஒரே ஜன்னல் உள்ள அறையில் உட்கார்ந்திருந்தார். அறுபதைத் தாண்டிய எவருக்கும் அரசாங்கச் செலவில் சிகிச்சை நடக்க வேண்டுமென்றால் அவர் ஒப்புதல் வேண்டும். ஒவ்வொரு பில்லையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பார். பஞ்சு கூடுதலாகச் செலவானால்கூட வார்டுக்கு ஆள் வந்துவிடும். கஞ்சப் பிரபு என்று அவர் முதுகுக்குப் பின்னால் நாங்கள் சொன்னதுண்டு. அது அவர் காதில் விழுந்ததும் உண்டு. "என் அப்பன் வீட்டுப் பணமா இது? வெளிய வரிசையில நிக்கிறவங்க பணம்!" என்பார்.

கண்புரை அறுவையில் அவருடைய விதி எல்லாருக்கும் தெரிந்தது: தலைக்கு ஒரு கண். மேலிருந்து வரும் பணமோ கொஞ்சம், காத்திருப்போர் வரிசையோ கூடத்தைத் தாண்டி வாகன நிறுத்தம் வரை. இரண்டு கண்ணிலும் திரை விழுந்து சுவரைத் தடவிக்கொண்டு வருகிறவர் வெளியே நிற்க, ஒரு கண் தெளிந்தவருக்கு மறு கண்ணையும் போடுவது எந்த ஊர் நியாயம் என்று வாதாடி, அவரே வாங்கி வந்த விதி அது. அதில் நியாயம் இருந்தது என்று இன்றும் சொல்வோம். நோயாளிகள் மட்டும் அவருக்கு "ஒத்தைக் கண்ணு சார்" என்று பெயர் வைத்துவிட்டார்கள்.

ஒருநாள் ஒரு தையற்காரரும் அவர் மனைவியும் வந்தார்கள். இருவருக்கும் எழுபதைத் தாண்டிய வயது, இருவருக்கும் இரண்டு கண்ணிலும் புரை.

"சார், என் பங்குக் கண்ணையும் அவருக்கே போட்டுடுங்க" என்றார் அந்த அம்மா. "ஊசியில நூல் கோக்கணும்ல? எனக்கு எதுக்கு? அவர் பார்த்துச் சொன்னா நான் கேட்டுக்கிறேன்."

"அவ சொல்றதை எழுதாதீங்க சார்!" என்று பாய்ந்தார் கணவர். "ரெண்டையும் அவளுக்குப் போடுங்க. வீட்டுல அத்தனை படியும் ஏறி இறங்குறவ அவதான். நான் பொத்தானை முதுகுல வெச்சுத் தைச்சாலும் வாடிக்கைக்காரன் திட்டுவான், அவ்வளவுதானே? அது எனக்கென்ன புதுசா?"

"கண்ணு என்ன, கைமாத்துக் குடுக்கிற சாமானா?" என்று அதட்டினார் நம்மவர். "ஆளுக்கு ஒண்ணு. கிளம்புங்க!" அப்படியே நடந்தது. ஆளுக்கொரு கண்ணைக் கட்டிக்கொண்டு, யார் பேச்சை யார் கேட்டிருக்க வேண்டும் என்று சண்டை பிடித்தபடி இருவரும் வீட்டுக்குப் போனார்கள்.

சில மாதம் கழித்து எலும்பு முறிவுப் பிரிவின் செலவு எகிறியது. இடுப்புக்குள் வைக்கும் உலோகத்துக்கு இவ்வளவா என்று மூக்குக்கு மேல் கோபத்தோடு, பில்லைக் கையில் சுருட்டிக்கொண்டு அவரே மாடியேறினார். கதவைத் தள்ளியதுதான் தாமதம். "அட, ஒத்தைக் கண்ணு சார் வந்துட்டாரு!" என்று கட்டில் கட்டிலாகக் குரல் எழும்பியது. தன் பட்டப்பெயர் அவருக்கே அன்றுதான் தெரிந்தது. அதைவிடப் பெரிய அதிர்ச்சி, அந்த முகங்களை அவருக்குத் தெரிந்திருந்தது. கட்டிலுக்குக் கட்டில், அவர் ஒப்புதல் தந்த கண்கள்!

ஜன்னலோரம் தையற்காரரின் மனைவி இடுப்பு உடைந்து படுத்திருந்தார். "ஒரு கண்ணு பளிச்சுன்னு தெரியுது, இன்னொண்ணு மங்கலா மறைக்குது சார். படி எங்க முடியுதுன்னு பிடிபடல. இல்லாத படியில காலை வெச்சுட்டேன்" என்றார். பக்கத்தில் நின்ற கணவர் போர்வையை இழுத்துச் சரிசெய்தார். அந்த அம்மாவே, "நீங்க என்ன சார் பண்ணுவீங்க? பணம் இருந்தாத்தானே குடுப்பீங்க?" என்று ஆறுதல் சொன்னார். நம்மவர் பேயறைந்தாற்போல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு கூடம் முழுக்க ஒவ்வொருவராய் விசாரித்தார். எல்லாரும் படியிலும் வாசற்கல்லிலும் விழுந்தவர்கள். சண்டை போட வந்தவர் எலும்பு மருத்துவரின் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர், நான் கீழ மிச்சம் பிடிச்சதை எல்லாம் நீங்க மேல செலவு பண்ணிக்கிட்டிருக்கீங்க" என்றார்.

தான் போட்ட முடிச்சைத் தானே அவிழ்க்க எத்தனை பேருக்கு மனம் வரும்? அவருக்கு வந்தது! இரண்டு கண்ணும் வேண்டும் என்று அன்றே தலைமை அலுவலகத்துக்கு எழுதினார். அங்கேயோ வேறு யோசனை ஓடிக்கொண்டிருந்தது. எண்பதைத் தாண்டியவர்களுக்குக் கண் அறுவையையே நிறுத்திவிட்டால் செலவு குறையுமாம்! அதை முடிவு செய்யத் தலைமை அலுவலகக் குழு ஒன்று வந்து இறங்கியது.

கூட்ட அறையில் ஏ.சி. ஓடவில்லை என்று சொல்லி, குழுவை எலும்பு முறிவுக் கூடத்துக்கு அழைத்துப் போனார். ஓடவில்லைதான், சுவிட்சை யாரும் போடவில்லை. கட்டில்களுக்கு நடுவே நாற்காலி போட்டுக் குழு உட்கார்ந்தது. தலைவர் வாசிக்கத் தொடங்கினார்: "எண்பது வயதைக் கடந்த பயனாளிகளின் எஞ்சிய ஆயுட்காலம் குறைவு என்பதால்..." அதற்கு மேல் குரல் எழவில்லை.

"சத்தமா வாசிங்க சார்" என்றார் நம்மவர். "கடைசிக் கட்டில்ல இருக்கிறவருக்குக் காது கொஞ்சம் மந்தம்."

"எனக்கு நல்லாவே கேட்டுது!" என்றார் கடைசிக் கட்டிலில் இருந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். "எவ்வளவு குறைவுன்னு போட்டிருக்கு? தெரிஞ்சா வீட்டுக்குச் சொல்லி அனுப்பிடலாம்."

கூடம் சிரித்தது. அப்போது எழுந்தார் பாருங்கள் நம்மவர்! "எத்தனை நாள் இருப்பாங்கன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. இருக்கிற நாள்ல விழாம நடக்கட்டும். நியாயம் வேண்டாம், செலவையே பேசுவோம். ஒரு இடுப்புக்குக் குடுக்கிற பணத்துல எத்தனை கண்ணு போடலாம்னு இந்த டாக்டரைக் கேளுங்க. ரெண்டும் ஒரே சர்க்கார் பணம்தானே சார்? இதைத் தெரிஞ்சுக்காம மிச்சம் பிடிச்சேன்னு மார்தட்டிக்கிட்டு இருந்தவன் நான்தான்." எலும்பு மருத்துவர் ஆமோதித்தார். வரிசையில் நிற்பவர்கள் கதி என்ன என்று ஒரு உறுப்பினர் கேட்டார். அது நல்ல கேள்வி என்று ஒப்புக்கொண்டு, முதல் கண்ணுக்குக் காத்திருப்பவர் ஒருவரும் பின்னால் தள்ளப்பட மாட்டார், மறு கண்ணுக்கு விடுமுறை நாளில் தனியாக ஆபரேஷன் தியேட்டர் திறப்போம் என்றார். கண் மருத்துவர் அங்கேயே சம்மதித்தார். நாங்களும் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தோம். ஒரு வருடம் செய்து பாருங்கள் என்று சொல்லிக் குழு கிளம்பிற்று.

செய்து பார்த்தோம். வென்றோம்! மாடியில் ஒரு வரிசைக் கட்டில்கள் காலியாகின. எண்பது வயது யோசனை இருந்த இடம் தெரியாமல் போயிற்று. மறு வருடம் இத்திட்டத்தில் உள்ள எல்லா மருத்துவமனைகளுக்கும் ஆணை வந்தது: வயது வரம்பில்லை, இரு கண்ணும் உண்டு! ஆணையைத் தொடங்கி வைக்கப் பெரிய மனிதர் ஒருவரின் தாயாரை முதலில் படுக்க வைக்கலாம் என்று எங்கள் நிர்வாகம் ஆசைப்பட்டது. "முன்னாடி ஒத்தைக் கண்ணோட அனுப்பினவங்க முதல்ல வரட்டும்" என்று ஒரே போடாய்ப் போட்டுவிட்டார் அவர்.

தையற்காரரின் மனைவி கைத்தடியோடு வந்தார். கட்டுப் பிரித்ததும் கணவரை ஏற இறங்கப் பார்த்து, "காலர் கோணலா இருக்கே! இத்தனை நாளா இப்படித்தான் தைச்சுக் குடுத்தீங்களா?" என்றார். அடுத்த வாரம் தனியாக வந்து திட்ட அறையில் உட்கார்ந்தார். என்ன வேண்டும் என்று நம்மவர் கேட்டார். "ஒண்ணும் வேணாம் சார். ரெண்டு கண்ணாலயும் உங்களை ஒரு தடவை பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்." வாய்க்கு வாய் பதில் சொல்லும் மனிதர் எழுந்து ஜன்னல் பக்கம் போய், எங்களுக்கு முதுகைக் காட்டி வெகுநேரம் நின்றார். நாங்கள் எல்லாரும் அழுதோம்.

ஐயா! இனி தங்களைப் பார்த்தே சொல்லிவிடுகிறோம். தங்களிடம் திட்டு வாங்காத ஒருவரும் இக்கூடத்தில் இல்லை. தங்களோடு வேலை பார்த்தோம் என்று பெருமை பேசப் போகாதவரும் இல்லை. நோய் நெருங்காமல், நடை தளராமல், துணைவியாரோடும் பிள்ளைகளோடும் பேரப்பிள்ளைகளோடும் தாங்கள் நீடு வாழ வாயார வாழ்த்துகிறோம்!

தங்கள் இரு கண்ணிலும் புரை இறங்கியிருப்பது எங்களுக்குத் தெரியும். இன்றே செய்துவிடலாம் என்று கண் மருத்துவர் கெஞ்சியும், "வரிசையில வர்றேன்" என்று மறுத்துவிட்டீர்கள். அப்படியே வாருங்கள். நாளை முதல் தாங்கள் அலுவலர் அல்லர், திட்ட அட்டை வைத்திருக்கும் முதியவர். எங்களிடம் சலுகை எதிர்பார்க்க வேண்டாம். ஆனால் முறை வந்து தாங்கள் படுக்கும்போது, எந்தக் கண்ணை விட்டுவிடலாம் என்று தங்களிடம் யாரும் கேட்க மாட்டார்கள்.

தங்கள் அன்பில் நனைந்த,
முதியோர் மருத்துவத் திட்ட அலுவலகம்,
கண் பிரிவு, எலும்பு முறிவுப் பிரிவு ஊழியர்கள்