ஜெனரேட்டர் வெடிக்கவில்லை

தொம்.

வெளியே சுத்தியல் விழுகிறது. நான் உள்ளே கட்டிலில் கிடக்கிறேன். மூச்சு தொண்டை வரைக்கும் வந்து நிற்கிறது. உள்ளே இறங்க மாட்டேன் என்கிறது.

தொம்.

அடியில் கொடுத்திருப்பது அவர்கள் நினைக்கிற ஷாஃப்ட் துண்டு இல்லை. கெட்டி இரும்பு அப்படிச் சத்தம் போடாது. கெட்டி இரும்பு ‘ணங்’ என்று திருப்பிக் கொடுக்கும். இது வாயை மூடிக்கொண்டு அடி வாங்குகிறது. உள்ளே ஏதோ அடைத்திருக்கிறது. எனக்குத் தெரியும். இந்தச் சத்தத்தைப் பதினோரு வருஷம் கேட்டவன் நான்.

சுவருக்கு அந்தப் பக்கம் என் மனைவி எஸ்தர். அவள் தம்பி வினோத். எட்டிக் கூப்பிடும் தூரம்கூட இல்லை. கத்த வேண்டும். ஒரு வார்த்தை போதும். வாயைத் திறக்கிறேன். காற்று இல்லை.

பேப்பரில் என்ன போட்டார்கள் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வீட்டிலேயே செய்த ஜெனரேட்டர் வெடித்து அக்காளும் தம்பியும் பலி என்று போட்டார்கள். படித்தவர்கள் உச்சுக் கொட்டினார்கள். தெரியாத வேலையை ஏன் செய்கிறார்கள் என்றார்கள்.

ஜெனரேட்டர் வெடிக்கவில்லை. வினோத் அதை ஒழுங்காகத்தான் செய்தான். அது ஓடியது. அது கொடுத்த கரண்டில் நான் மூச்சு விட்டேன். வெடித்தது குண்டு. எங்கோ ஒரு நாட்டில் நடந்த போரில் போட்ட குண்டு. அங்கே வெடிக்காமல், பழைய இரும்போடு கப்பல் ஏறி, எங்கள் தெருவில் வந்து வெடித்தது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டி எஸ்டேட்டில் இரும்பு உருக்கும் கம்பெனி ஒன்றில் வேலை பார்த்தேன். பெயர் வேண்டாம். பெயரில் என்ன இருக்கிறது, எல்லா கம்பெனியும் ஒரே புகைதான். துறைமுகத்திலிருந்து கண்டெய்னரில் பழைய இரும்பு வரும். காந்தக் கிரேன் அள்ளிக் கொட்டும். நாங்கள் பொறுக்குவோம். மூடிய சாமான் எதுவும் உலைக்குள் போகக் கூடாது. கேஸ் சிலிண்டர், ஷாக் அப்சார்பர், இரண்டு பக்கமும் அடைத்த பைப். போனால் வெடிக்கும். உருகிய இரும்பு ஆள் மேல் தெறிக்கும். அப்படி ஒருவன் போனதைப் பார்த்திருக்கிறேன்.

சில கண்டெய்னரில் போர் வரும். ஓட்டை விழுந்த தகடு. தோட்டா ஓடு. ஒருமுறை ஒரு ராணுவ ஹெல்மெட். உள்ளே முடி ஒட்டியிருந்தது. நடுநடுவே குண்டும் வரும். துருப்பிடித்து மண் அப்பி, பார்த்தால் ஷாஃப்ட் துண்டு மாதிரியே இருக்கும். சூப்பர்வைசர் கண்டால் தொடாதே, தள்ளிப் போ என்று கத்துவார். கண் பார்க்கும் முன்பே எங்களுக்குக் காது சொல்லிவிடும். கிரேன் கொட்டும்போது பைப் கலகலக்கும். ஷாஃப்ட் ணங் என்னும். குண்டு மட்டும் மாவு டின் விழுவதுபோல் தொம் என்று விழும்.

குண்டு அப்போது என்னை ஒன்றும் செய்யவில்லை. உலைக்கு உள்பூச்சுப் போடும் வெள்ளை மாவுதான் செய்தது. அந்தத் தூசியை வருஷக்கணக்கில் இழுத்தேன். டாக்டர் எக்ஸ்ரேயை விளக்கில் வைத்துக் காட்டி, நுரையீரல் கல்லாகிக்கொண்டு வருகிறது என்றார். கம்பெனியில் கேட்டேன். காண்ட்ராக்ட் ஆள், எங்களுக்குத் தெரியாது என்றார்கள். அத்தனை வருஷம் ‘டேய் சீலா’ என்று பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்களுக்கு ஒரே நாளில் என்னைத் தெரியாமல் போயிற்று. வயிறு எரிந்தது. இன்றைக்கும் எரிகிறது.

அதன்பிறகு ஆக்சிஜன் மெஷின்தான். பிளக்கைச் செருகினால் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்கு அனுப்பும். கரண்ட் போனால் இன்வெர்ட்டரும் பேட்டரியும். அதுவும் போனால் ஒரு சின்ன சிலிண்டர். சத்தமாகக் கூப்பிட எனக்கு மூச்சு போதாது. அதற்காக எஸ்தர் கட்டிலோரம் ஒரு எவர்சில்வர் டம்ளர் வைத்தாள். கட்டிலின் இரும்புக் காலில் அதைத் தட்டினால் எங்கிருந்தாலும் ஓடி வருவாள். எங்கள் வீட்டில் அந்தச் சத்தத்துக்கு ஒரே அர்த்தம். மூச்சு வரவில்லை, சீக்கிரம் வா.

புயல் வந்தது தெருவில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்ட ஆரம்பித்த வாரம். காற்று ஊளையிடுகிறது. கூரை ஷீட் படபடவென்று அடிக்கிறது. “ஷீட்டு பறக்குது, உள்ள போ, உள்ள போ” என்று யாரோ கத்துகிறார்கள். டப் என்று ஒரு சத்தம். நீல வெளிச்சம். டிரான்ஸ்ஃபார்மர் போயிற்று. வள்ளூரில் மலை மலையாக நிலக்கரியை எரித்துக் கரண்ட் எடுக்கிறார்கள். அதன் சாம்பல் எங்கள் பக்கத்துக் காற்றில் தாராளமாகக் கிடைக்கும். கரண்ட்தான் கிடைக்காது.

பேட்டரி இறங்கியது. சிலிண்டரைத் திறந்தோம். எஸ்தர் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். ரயில்வே சப்வேயில் ஆள் உயரத்துக்குத் தண்ணீர், வடிந்தால் வருகிறோம் என்றார்கள். மறுபடி போட்டாள். அதே பதில். பிறகு போனும் செத்தது. சிலிண்டர் முள் சிவப்புக்கு வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். பயம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

காலையில் வினோத் இடுப்பளவுத் தண்ணீரில் நடந்து வந்தான். கவரைப்பேட்டை ரோட்டோரம் மெக்கானிக் ஷெட்டில் வேலை. வாய் ஓயாது. என்னைப் பார்த்ததும் அவனுக்கும் பகீர் என்றுதான் இருந்திருக்கும். காட்டிக்கொள்ளவில்லை.

“இன்னா மாமா, மூச்சுக்கு லீவு உட்டுட்டியா? இரு. நானே ஒரு ஈபி ஆபீஸ் தெறந்து உடறேன்.”

அக்காளுக்கு விளக்கிச் சொன்னான். வண்டியில் எஞ்சின் சுற்றுகிறது. அது பெல்ட் போட்டு ஆல்டர்னேட்டரைச் சுற்றுகிறது. பேட்டரி சார்ஜ் ஆகிறது. நம்மிடம் வண்டி இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம் என்றான். ஊர்ப் பக்கம் நெல் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரிடம் தண்ணீர் இறைக்கும் சின்ன பெட்ரோல் எஞ்சின் இருந்தது. வினோத் அவரை நைனா என்பான். வயலே ஏரியாகிவிட்டது, இனி எதை இறைக்கப் போகிறேன், கொண்டு போடா என்றாராம். அதைத் தலையில் வைத்துத் தூக்கி வந்தான். மறுபடி ஷெட்டுக்குப் போனான். பழைய வேன் ஒன்றின் ஆல்டர்னேட்டரைக் கழற்றி, ஸ்பேனர், பெல்ட் மாட்டும் புல்லிகள் எல்லாம் சாக்கில் போட்டான். ஷெட்டுக்குப் பக்கத்தில் காயலான் கடை. புயலில் அதன் சுவர் இடிந்து பழைய இரும்பெல்லாம் ஷெட் வாசல் வரைக்கும் சரிந்து கிடந்தது. அடியில் வைத்துத் தட்ட உதவும் என்று அதில் ஒரு துண்டை எடுத்துச் சாக்கில் போட்டுக்கொண்டான். சாக்கு என் கட்டிலைத் தாண்டித்தான் உள்ளே போயிற்று. வாய் கட்டியிருந்தது. நான் பார்க்கவில்லை.

புகை எனக்கு ஆகாது என்று வேலையைப் பின்பக்கம் தாழ்வாரத்தில் வைத்தான். பழைய பலகையில் எஞ்சினையும் ஆல்டர்னேட்டரையும் போல்ட் போட்டு இறுக்கினான். பெல்ட் இல்லை. எஸ்தர் மாவு அரைக்கும் கிரைண்டரைக் கவிழ்த்து அதன் பெல்ட்டை உருவிக் கொடுத்தாள். கயிற்றை இழுத்தான். எஞ்சின் இருமியது. இன்னொரு இழுப்பு. பிடித்துக்கொண்டது. டுடுடுடு. ஆல்டர்னேட்டர் கொசு மாதிரி இரைந்தது. இன்வெர்ட்டரின் சிவப்பு விளக்கு அணைந்து பச்சை வந்தது. மெஷின் புஸ் என்றது.

மூக்கில் காற்று. குளிர்ந்த காற்று. இழுத்தேன். இறங்கியது. எஸ்தர் என் காலடியில் உட்கார்ந்து அழுதாள். வினோத் பின்வாசலில் நின்று சிரித்தான். நான் அவனைக் கும்பிட்டேன். “சீ, கைய எறக்கு மாமா” என்றான்.

எத்தனை மூச்சு விட்டேனோ. திடீரென்று கிறீச். ரப்பர் கருகும் நாற்றம். பச்சை போய்ச் சிவப்பு வந்தது. பிழை அவன் வேலையில் இல்லை. வேன் புல்லியில் மெல்லிய வரிகள். கிரைண்டர் பெல்ட் அகலம். பாரம் ஏறியதும் உட்காராமல் வழுக்கியது. அதற்குத் தோதான வேறு புல்லி சாக்கில் இருந்தது. இதைக் கழற்றி அதைப் போட வேண்டும், அவ்வளவுதான். பின்பக்கம் சேறு. எஞ்சினை அங்கேயே விட்டுவிட்டு, ஆல்டர்னேட்டரை மட்டும் தூக்கிக்கொண்டு முன்வாசல் சிமென்ட் தரைக்குப் போனார்கள். புல்லி துருவில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. “அக்கா, அந்த ஷாஃப்ட் துண்ட அடியில குடுத்துப் புட்ச்சிக்கோ” என்று அவன் சொன்னது கேட்டது. சிலிண்டர் அதற்கு முன்பே தீர்ந்துவிட்டது.

தொம்.

எனக்குப் புரிந்துவிட்டது. எழ முடியவில்லை. கத்த முடியவில்லை. கை டம்ளரைத் தேடியது. கிடைத்தது. கட்டில் காலில் தட்டினேன். டங். டங். டங்.

சுத்தியல் நின்றது.

நின்றது. கர்த்தரே என்று நினைத்தேன்.

“தோ வந்துட்டன்யா. ரெண்டே நிமிஷம் தாங்கிக்கோ” என்றாள் எஸ்தர். பிறகு தம்பியிடம் சொன்னாள். “மாமாவுக்கு மூச்சு வரல. ஓங்கி அடிடா.”

தொம். தொம்.

நான் தட்டுகிறேன். நிறுத்து என்று தட்டுகிறேன். சீக்கிரம் என்று அவர்களுக்குக் கேட்கிறது. நான் தட்டத் தட்ட அவன் வேகமாக அடிக்கிறான். தட்டுவதை விட்டிருந்தால், சத்தம் நின்றுவிட்டதே என்று பயந்து இரண்டு பேரும் எழுந்து உள்ளே ஓடி வந்திருப்பார்கள். இப்போது தெரிகிறது. அப்போது தோன்றவில்லை. உருண்டு தரையில் விழுந்தேன். வாசலைப் பார்த்துக் கையை நீட்டினேன். எஸ்தரின் முதுகு தெரிந்தது. குனிந்து இரண்டு கையாலும் எதையோ அழுத்திப் பிடித்திருந்தாள்.

அந்தக் கடைசி அடி எனக்குக் கேட்கவில்லை. வெளிச்சம்தான் வந்தது. முன்சுவர் சரிந்தது. கட்டில் அதைத் தாங்கிக்கொண்டது. கட்டிலோடு ஒட்டிக் கீழே கிடந்ததால் பிழைத்தேன். வாயெல்லாம் செங்கல் தூள். ஒரு பக்கம் உலகமே ஊமையாகிவிட்டது. இன்னொரு பக்கம் தெருவில் பெண்கள் அலறுவது கேட்டது. எஸ்தரின் குரலைத் தேடினேன். இல்லை.

குண்டு என்று சேதி போனதும் எல்லோரும் வந்தார்கள். போலீஸ் வந்தது. டிராக்டர் வந்தது. டிராக்டர் மேல் ஆம்புலன்ஸ்காரர்கள் சிலிண்டரோடு வந்தார்கள். அதே சப்வே. அதே தண்ணீர். ஒருத்தனுக்கு மூச்சு வரவில்லை என்றால் தாண்ட முடியாத தண்ணீர், குண்டு என்றதும் தாண்ட முடிந்தது. அவர்கள் கொண்டு வந்த ஆக்சிஜன்தான் என்னைக் காப்பாற்றியது. வெடிக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை அன்று நான் செத்திருப்பேன். அவர்கள் இருந்திருப்பார்கள். அதற்கு நான் சந்தோஷமாகச் சம்மதித்திருப்பேன். என்னை யாரும் கேட்கவில்லை.

ஒரு அதிகாரி கருகிய துண்டு ஒன்றைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அடியில் ஏதோ எழுத்து. எந்த நாட்டுக் குண்டு சார் என்று கேட்டேன். நிறையத் துருப்பிடித்திருக்கிறது, படிக்க முடியவில்லை என்பதுபோல உதட்டைப் பிதுக்கினார். காயலான் கடைக்காரர் அது தன் இரும்பே இல்லை என்றார். அவருக்கு விற்றவர் யார் என்று யாரும் கேட்கவில்லை. விசாரணை அங்கேயே படுத்துக்கொண்டது. பேப்பருக்கு ஜெனரேட்டர் என்று போயிற்று.

எஞ்சினுக்குச் சொந்தக்காரப் பெரியவர் ஒருநாள் வந்தார். இடிந்த சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எஞ்சினைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல் திரும்பிப் போனார். அதைப் போலீஸ் கொண்டுபோய் ஸ்டேஷனுக்குப் பின்னால் போட்டிருக்கிறது. பலகையோடு அப்படியே இருக்கிறது. ஒரு கீறல் கிடையாது. வெடித்தது ஜெனரேட்டர்தான் என்று எழுதியவர் போய்ப் பார்க்கட்டும்.

இழந்தது இவ்வளவு. என் மனைவி எஸ்தர், முப்பத்தெட்டு வயது. அவள் கைகள் கிடைக்கவே இல்லை. கையில்லாமல்தான் பெட்டியில் வைத்தோம். என் மச்சான் வினோத், இருபத்தேழு வயது. முகத்தை யாருக்கும் காட்டவில்லை. என் இடது காது. வீட்டின் முன்பக்கம்.

அந்தக் குண்டைப் போட்ட அன்று அதோடு சேர்த்து எத்தனை போட்டார்களோ. மற்றவை வெடித்த ஊரில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. அங்கேயும் என்னைப் போல ஒருவன் எண்ணிக்கொண்டிருப்பான். எங்கள் தெருவில் இரண்டு பேர்.